ட்ரென்சேன், 1708: குதிரை தடுக்கியதால்தான் தோற்றார்களா?

பிப்ரவரி 8 (ஒரு வாசகரின் கேள்வி)

ஹங்கேரியில் ஹாப்ஸ்பர்க் பேரரசுக்கு எதிராக ராகோட்சி நடத்திய கிளர்ச்சியைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். 1708 ஆகஸ்டில் ட்ரென்சேன் என்ற ஊருக்கு அருகே நடந்த சண்டையில், பள்ளம் ஒன்றைத் தாண்டும்போது ராகோட்சியின் குதிரை தடுக்கி விழுந்தது, அவர் நினைவிழந்தார், இறந்துவிட்டார் என்று எண்ணிப் படை சிதறி ஓடியது, விடுதலைப் போரும் அத்துடன் முடிந்தது என்று எழுதியிருக்கிறார்கள். எட்டு ஆண்டுப் போராட்டம் ஒரு குதிரையின் காலில் போய் முடிந்ததா? இதை நம்பலாமா?

பிப்ரவரி 8, இரவு

விழுந்தது உண்மை. ஓடியது உண்மை. போர் அத்துடன் முடிந்தது என்பது மட்டும் உண்மையில்லை. ட்ரென்சேனுக்குப் பிறகு இரண்டரை ஆண்டுகளுக்கும் மேலாகச் சண்டை நீடித்தது. போரை முடித்துவைத்த சத்மார் உடன்படிக்கை 1711 ஏப்ரல் 30இல்தான் ஏற்பட்டது. பள்ளத்தில் விழுந்த மனிதர் அதற்குப் பிறகு கிட்டத்தட்ட 27 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். விரிவாக நாளை எழுதுகிறேன், இப்போது கண் சொருகுகிறது.

பிப்ரவரி 9

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடலாம். இரண்டாம் ஃபெரென்ஸ் ராகோட்சி 1676இல் பிறந்தவர், ஹங்கேரியின் மிகப் பெரிய நிலப்பிரபுக்களில் ஒருவர். தாய் இலோனா ஸ்ரீனி முங்காச் கோட்டைக்குள் இருந்துகொண்டு பேரரசரின் படைகளுக்கு 1688 வரை பிடிகொடுக்காமல் நின்றவர். தாய்வழிப் பாட்டனார் பேரரசருக்கு எதிராகச் சதி செய்தார் என்று 1671இல் வீனர் நொய்ஷ்டாட்டில் தலை வெட்டப்பட்டவர். அதே வீனர் நொய்ஷ்டாட் சிறையில்தான் 1701இல் பேரனையும் அடைத்தார்கள். சிறைக் காவல் தலைவர் லேமன் உதவியதால் தப்பினார். லேமனின் தலை போயிற்று. குடும்பக் கணக்கே இப்படி இருக்கும்போது மனிதர் கிளர்ச்சியில் இறங்காமல் இருந்திருந்தால்தான் வியப்பு.

1703இல் அவர் போலந்திலிருந்து திரும்பி வந்தபோது, அவரை அழைத்தவர்கள் பிரபுக்கள் அல்லர், வரியால் நசுங்கிய குடியானவர்கள். அந்தக் குடியானவர் கூட்டத்தை தோல்ஹா என்ற இடத்தில் அடித்து விரட்டியவர் ஷாந்தோர் காரோயி. ஹங்கேரியர்தான், அன்று பேரரசர் பக்கம் இருந்தார். அதே ஆண்டு அவரே ராகோட்சியிடம் வந்து சேர்ந்தார். 1711இல் கிளர்ச்சியாளர்கள் சார்பில் சமாதானம் செய்துகொண்டவரும் அவர்தான். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சண்டை. ராகோட்சியின் ஆட்களை குருட்ஸ் என்பார்கள். 1708 கோடையில் அவர் தன் படையைத் திரட்டிக்கொண்டு சைலீசியாவை நோக்கிப் புறப்பட்டார். பிரஷ்யாவின் உதவி கிடைக்கும், பிரஷ்ய இளவரசரை ஹங்கேரி மன்னராக்கலாம் என்பது கணக்கு. வழியில் வாஹ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், ட்ரென்சேன் கோட்டை பேரரசர் வசம் இருந்தது. அங்கே ஆகஸ்ட் 3ஆம் தேதி தளபதி ஹைஸ்டரின் படையோடு மோதல். எண்ணிக்கையில் ராகோட்சியின் கை ஓங்கியிருந்தது; சில கணக்குகளின்படி எதிரியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஹைஸ்டரின் குதிரைப் படையை நடத்தியவர் யானோஷ் பால்ஃபி. அவரும் ஹங்கேரியர்.

பேரரசின் குதிரை வீரர்கள் பாய்ந்தார்கள். குருட்ஸ் குதிரைப் படை கலைந்தது. அதைத் தடுத்து நிறுத்தப் போன ராகோட்சி பள்ளத்தில் விழுந்தார். பயிற்சி கொடுத்து வளர்த்த காலாட்படை தனியாக மாட்டிக்கொண்டது, பேரடி அதற்குத்தான். பீரங்கிகளும் போயின.

வரிசையைக் கவனியுங்கள். குதிரைப் படை கலைய ஆரம்பித்த பிறகுதான் ராகோட்சியின் குதிரை விழுகிறது.

பிப்ரவரி 9, சற்று நேரம் கழித்து

குதிரை என்ன நிறம் என்று கேட்டவருக்கு: பதில் சொன்னால் பரிசு உண்டா?

பிப்ரவரி 11

"தலைவன் விழுந்தால் எந்தப் படையும் ஓடத்தான் செய்யும், இதில் ஆராய்ச்சி எதற்கு" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எந்தப் படையும் என்று சொல்லிவிட முடியாது. 1632இல் லூட்சென் சண்டை. சுவீடன் மன்னர் குஸ்தாவ் அடால்ஃப் நடுக்களத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். நினைவிழக்கவில்லை, செத்தே போனார். ஆளில்லாத குதிரை ஓடி வந்ததைப் படையினர் பார்த்தார்கள். பெர்ன்ஹார்ட் என்ற தளபதி பொறுப்பை ஏற்றார், சண்டையைத் தொடர்ந்தார், மாலைக்குள் களம் அவர்கள் கையில்.

அங்கே மன்னர் இறந்தும் படை வென்றது. இங்கே தலைவர் உயிரோடு இருந்தும் படை ஓடியது. ஆக, விழுந்த அடுத்த நிமிடம் "நான் இருக்கிறேன், திரும்பி நில்லுங்கள்" என்று சொல்ல இரண்டாவது ஆள் இருந்தாரா என்பதுதான் கேள்வி. ட்ரென்சேனில் அப்படி ஒருவரும் எழவில்லை. பெரிய பெரிய பிரபுக்கள் தளபதிகளாக இருந்தார்கள். ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்கும் வழக்கம்தான் இல்லை.

எதிர்ப் பக்கம் சாய்க்கிற ஓர் உதாரணத்தையும் நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு யாராவது தூக்கிக்கொண்டு வருவீர்கள். 1526இல் மொஹாச் சண்டையில் தோற்றுத் தப்பி ஓடிய ஹங்கேரி மன்னர் இரண்டாம் லாயோஷ், குதிரையோடு ஓடையில் விழுந்து மூழ்கி இறந்தார். நாடே மூன்று துண்டானது. குதிரையிலிருந்து தலைவர் விழுவது என்றால் ஹங்கேரியர்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று சொல்லவா வேண்டும்? 1708இல் ஓடியவர்கள் ஒவ்வொருவரும் மொஹாச்சை நினைத்துக்கொண்டு ஓடினார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் வதந்தி பற்றிக்கொள்ள விறகு ஏற்கெனவே காய்ந்திருந்தது.

பிப்ரவரி 12

இடத்தைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். பார்த்திருக்கிறேன். மகள் பிராட்டிஸ்லாவாவில் வேலை பார்க்கிறாள். அங்கே போய்த் தங்கியிருந்தபோது ரயிலில் ட்ரென்சீன் போனேன். இன்றைய பெயர் அதுதான், ஊர் இப்போது ஸ்லோவாக்கியாவில் இருக்கிறது. ரயில் வாஹ் ஆற்றை ஒட்டியே போகிறது. ஊர் வருவதற்கு முன்பே கோட்டை தெரிந்துவிடும். நெட்டுக்குத்தான பாறை, அதன் உச்சியில் மதில்கள்.

எல்லாரும் கோட்டைக்கு ஏறினார்கள், நான் துர்னா பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினேன். பொதுப்பணித் துறையில் பாசனப் பிரிவில் காலம் தள்ளியவன், எந்த ஊருக்குப் போனாலும் கண் முதலில் வாய்க்காலைத்தான் தேடும். ஊர் தாண்டியதும் சோளக் காடு. சாலைக்கும் வயலுக்கும் நடுவே வடிகால் ஒன்று போகிறது. மேலிருந்து பார்த்தால் பச்சைப் புல்வெளி மாதிரி ஒரே மட்டமாகத் தெரிகிறது. புல்லை விலக்கிக் காலை வைத்தேன், முழங்கால் வரை உள்ளே போயிற்று. அடியில் ஊறிய களிமண். கரை சரிவாக இல்லை, செங்குத்தாக அரித்திருந்தது. விளிம்பில் கை வைத்து எழுந்தபோது மண் கட்டியாகப் பெயர்ந்து கையோடு வந்தது. ராகோட்சி விழுந்த பள்ளம் அதுதான் என்று நான் சொல்லவில்லை, முந்நூறு ஆண்டில் எத்தனை வடிகால் வெட்டியிருப்பார்கள், மூடியிருப்பார்கள். அந்த மண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பாய்ந்து வரும் குதிரை அப்படிப்பட்ட விளிம்பில் முன்காலை ஊன்றினால் தாண்டாது, கரையோடு சேர்ந்து சரியும். குதிரையைக் குறை சொல்லாதீர்கள்.

செருப்பைக் கழுவ அங்கே ஒரு வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். எதற்காக வடிகாலில் இறங்கினேன் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த பாஷையில் "ராகோட்சி" என்றேன். மனிதர் சிரித்துக்கொண்டே உள்ளே போய் இரண்டாவது முறை தேய்க்க பிரஷ் ஒன்றும் கொண்டுவந்து கொடுத்தார்.

பிப்ரவரி 12, இரவு

கோட்டையையும் பிறகு பார்த்தேன். அங்கே ஓர் ஆழமான கிணறு இருக்கிறது, சுமார் 80 மீட்டர். சிறைப்பட்ட தன் காதலி பாத்திமாவை மீட்க உமர் என்ற துருக்கிய இளைஞன் பாறையைக் குடைந்து வெட்டியது என்று கதை சொல்கிறார்கள். உண்மையில் வெட்டியது கோட்டைக் காவல் படையினர். காதலுக்கு வெட்டினால் என்ன, தாகத்துக்கு வெட்டினால் என்ன, முற்றுகையில் உதவுவது தண்ணீர்தான். பாறையின் அடிவாரத்தில் ரோமானியப் படையினர் கி.பி. 179ஆம் ஆண்டு வாக்கில் செதுக்கிய கல்வெட்டும் உண்டு. இப்போது அது ஒரு ஹோட்டலின் பின்பக்கம் வந்துவிட்டது, ஹோட்டலுக்குள் போய் ஜன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும். பார்த்தேன். விஷயம் திசை மாறுகிறது, நிறுத்துகிறேன்.

பிப்ரவரி 15

லூட்சென் உதாரணத்தை மறுபடியும் யோசித்தேன். அது சரியான உதாரணம்தான், ஆனால் முழு நியாயம் செய்யவில்லை. சுவீடன் படை பல ஆண்டுகள் சேர்ந்து சண்டையிட்டுப் பழகிய படை. குருட்ஸ்களின் பலம் வேறு வகை. இரவில் ஆற்றைக் கடப்பது, கிராமத்தை வளைப்பது, உணவு வண்டிகளை மடக்குவது, எதிரி வரிசை கட்டுவதற்குள் மறைந்துவிடுவது. இதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. பேரரசரின் தலைநகரான வியன்னாவின் புறநகர் வரை போய்க் கொளுத்திவிட்டு வந்தவர்கள். அவர்களுக்குப் பயந்துதான் 1704இல் வியன்னாவின் புறநகர்களைச் சுற்றி மண்மதில் ஒன்று எழுப்பினார்கள். மதில் இருந்த தடத்தில் இன்று கியூர்டெல் என்ற பெரிய சாலை ஓடுகிறது. வியன்னாவில் டாக்சியில் போகிறவர்கள் குருட்ஸ்கள் மீதான பயத்தின் மேல்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் பகலில் நேருக்கு நேர் வரிசை கட்டிப் பெரும் போருக்கு நின்றபோது? 1704 ஜூனில் கொரோன்சோ, தோல்வி. அதே ஆண்டு டிசம்பரில் நாட்சோம்பாட், தோல்வி. 1705 நவம்பரில் ஷிபோ, தோல்வி. இவற்றில் முதல் இரண்டிலும் எதிரே நின்றவர் இதே ஹைஸ்டர்தான். நாட்சோம்பாட்டில் பனிக்கு நடுவே வெல்லும் நிலையில் இருந்தார்கள். பேரரசர் படையிலிருந்து ஓடி வந்து இவர்களிடம் சேர்ந்திருந்த ஜெர்மானியர்கள் சண்டை நடுவில் திரும்பிக்கொண்டார்கள். அங்கே எந்தக் குதிரையும் தடுக்கவில்லை. ட்ரென்சேனை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் விதி விளையாடிவிட்டது போலத் தோன்றும். வரிசையில் வைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

பிப்ரவரி 16

"வென்ற சண்டைகளை மறைக்கிறீர்கள்" என்கிறார் ஒருவர். மறைக்கவில்லை ஐயா. 1704 மே மாதம் சோமோலான் அருகே வென்றார்கள், 1705 டிசம்பரில் சென்ட்கோட்ஹார்ட் அருகே வென்றார்கள். இரண்டிலும் நிலத்தைப் பயன்படுத்திக்கொண்டார்கள், தங்கள் வழியில் சண்டையிட்டார்கள். நீங்கள் சொல்வது என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது.

பிப்ரவரி 19

பணத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே. பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயி ராகோட்சிக்கு மாதாமாதம் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார்; ஒரு பெரிய படையை நடத்த அது எந்த மூலைக்கு? வெள்ளி போதாமல் ராகோட்சி செம்பு நாணயம் அடித்தார். "விடுதலைக்காக" என்று லத்தீனில் பொறித்த நாணயம். முதலில் செல்லுபடியானது. பிறகு அடிக்க அடிக்க மதிப்பு இறங்கியது, சந்தையில் வியாபாரிகள் வாங்க மறுத்தார்கள். வீரனுக்குச் சம்பளம் செம்பில், குதிரைக்குப் புல் வாங்குவது வெள்ளியில். நான் அரசு வேலையில் சம்பளம் தள்ளிப்போன மாதங்களைப் பார்த்தவன். சம்பளம் வராவிட்டால் மனிதன் வேலையை விட்டுப் போய்விட மாட்டான், ஆனால் வெள்ளத்தில் இறங்கி மதகைத் திறக்கச் சொன்னால் யோசிப்பான்.

இன்னொன்றும் தோன்றுகிறது, இது என் ஊகம். ஆகஸ்ட் தொடக்கம் என்றால் அறுவடைக் காலம். படையில் பாதிப்பேர் குடியானவர்கள். வீட்டில் கதிர் காய்ந்து நிற்கிறது, கையில் செல்லாத செம்பு, கூட்டிப்போவதோ சைலீசியாவுக்கு. "தலைவர் போய்விட்டார்" என்ற குரல் கேட்டதும் அதை நம்ப விரும்பியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? வதந்தி சிலருக்கு அதிர்ச்சி, சிலருக்கு விடுப்புச் சீட்டு.

பிப்ரவரி 19, திரும்பவும்

குடியானவர் என்றதும் நினைவுக்கு வந்தது. கடைசி வரை படையில் நிற்கும் பண்ணையடிமைகளுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் விடுதலை என்று ஷாரோஷ்பாடக் சபையில் சட்டம் இயற்றினார்கள். எப்போது? 1708 கடைசியில். ட்ரென்சேன் தோல்விக்குப் பிறகு! கிளர்ச்சியைத் தொடங்கிவைத்தவர்களே அவர்கள். ஐந்து ஆண்டு பிரபுக்களின் மனம் கோணக் கூடாது என்று இழுத்துவிட்டு, படை கரைய ஆரம்பித்த பிறகு கதவைத் திறந்தார்கள். எனக்கு ராகோட்சி மேல் மரியாதை உண்டு, அவரளவில் அவர் முன்பே விரும்பியது இது. இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் கோபம் வருகிறது.

பிப்ரவரி 23

இப்போது முதல் கேள்விக்கு மறுபடியும் வருகிறேன். ட்ரென்சேனின் உண்மையான சேதம் ஆகஸ்ட் 3இல் நடக்கவில்லை, அந்த மாதக் கடைசியில் நடந்தது. லாஸ்லோ ஒச்கை என்று ஒரு தளபதி. வியன்னாவை அலற வைத்த தாக்குதல்களில் பெயர் எடுத்தவர். ராகோட்சியின் மின்னல் என்று அழைக்கப்பட்டவர். அவர் தன் படைப்பிரிவோடு பேரரசர் பக்கம் தாவினார். வேறொரு பெயர்பெற்ற தளபதி இம்ரே பெசெரேடியும் தாவத் திட்டமிட்டுப் பிடிபட்டார். டிசம்பரில் ஷாரோஷ்பாடக்கில் தலையை வெட்டினார்கள். ஒச்கையும் தப்பவில்லை. 1710 புத்தாண்டு சமயத்தில் பழைய தோழர்களே அவரைப் பிடித்து, எர்ஷெக்உய்வார் கோட்டையில் ஜனவரி 3ஆம் தேதி தலையை எடுத்தார்கள்.

இவர்கள் எல்லாம் குதிரை விழுந்ததைப் பார்த்துப் பயந்து ஓடிய சாதாரண வீரர்கள் இல்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டவர்கள். பிரஷ்ய இளவரசர் வர மாட்டார் என்று தெரிந்துவிட்டது. 1707இல் ஓனோத் சபையில் பேரரசர் முதலாம் யோசப் இனி எங்கள் மன்னர் இல்லை என்று வேறு அறிவித்தாயிற்று, இனி சமரசத்துக்கு இடம் குறைவு. அதற்கு முன்பே, 1704இல் பிளென்ஹைமில் பிரெஞ்சு-பவேரியப் படை நொறுங்கியபோதே வெளியிலிருந்து கை கொடுக்க வரும் வழி அடைபட்டுவிட்டது. ட்ரென்சேன் இந்தக் கணக்கின் கடைசி வரி. கூட்டல் முன்பே முடிந்திருந்தது.

பிப்ரவரி 24

ஒருவர் நியாயமாகக் கேட்டிருக்கிறார்: "அப்படியானால் ராகோட்சி விழாமல் இருந்திருந்தால் எந்த மாற்றமும் இருந்திருக்காதா?" இருந்திருக்கும். காலாட்படையில் பெரும்பகுதி தப்பியிருக்கும், பீரங்கிகள் கொஞ்சம் மிஞ்சியிருக்கும், ஒச்கை இன்னும் சில மாதம் பொறுத்திருப்பார். சமாதானப் பேச்சில் உட்காரும்போது கையில் கொஞ்சம் கனம் இருந்திருக்கும். அதற்கு மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. 1708இலிருந்து கொள்ளைநோய் வேறு நாட்டுக்குள் புகுந்துவிட்டது. போர்க்களத்தில் செத்தவர்களைவிட அதில் செத்தவர்கள் பல மடங்கு. படைக்கு ஆள் சேர்க்கிற கிராமமே காலியானால் எந்தத் தளபதி என்ன செய்ய முடியும்?

பிப்ரவரி 27

முடிவைக் கேட்டவர்களுக்கு. 1711 தொடக்கத்தில் ராகோட்சி ரஷ்ய ஜார் பீட்டரின் உதவி கேட்கப் போலந்து போனார். படையைக் காரோயியிடம் விட்டுப் போனார். ஆம், தோல்ஹா காரோயி. எதிரே பேச்சு நடத்தியவர் பால்ஃபி. ஆம், ட்ரென்சேன் பால்ஃபி. இரண்டு ஹங்கேரியர்கள் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். பேரரசர் யோசப் ஏப்ரல் 17ஆம் தேதியே பெரியம்மையில் இறந்துவிட்டார்; கிளர்ச்சியாளர்களுக்குச் செய்தி எட்டாமல் பார்த்துக்கொண்டார்கள். மாதக் கடைசியில் உடன்படிக்கை கையெழுத்தானது, மைதேன் வயல்வெளியில் சுமார் 12,000 குருட்ஸ்கள் கொடிகளை மண்ணில் ஊன்றிவிட்டுக் கலைந்தார்கள்.

பொது மன்னிப்பு, பிரபுக்களின் உரிமைகளுக்கும் சமயச் சுதந்திரத்துக்கும் உறுதி, எல்லாம் உடன்படிக்கையில் இருந்தது. தோற்ற பக்கத்துக்கு மோசமான பேரம் இல்லை. காரோயியைத் துரோகி என்பவர்களும் உண்டு, நாட்டைக் காப்பாற்றியவர் என்பவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவது கட்சி பக்கம் சாய்வு. ஆனாலும் அவருடைய நிலபுலன்கள் பிற்பாடு பெருகியதைப் பார்க்கும்போது அந்தச் சாய்வு கொஞ்சம் நிமிர்ந்துகொள்கிறது.

ராகோட்சி மன்னிப்பை ஏற்கவில்லை. போலந்து, பிரான்ஸ், கடைசியில் துருக்கி. மர்மரா கடற்கரையில் தெகிர்தா ஊரில் 1735இல் இறந்தார். மரவேலை செய்வதும் எழுதுவதுமாகப் பொழுது போயிற்று. 1715 சட்டம் அவரைத் துரோகி என்றது. 1906இல் அந்த வரிகளை நீக்கிவிட்டு உடலைக் கொண்டுவந்து கஷ்ஷா பேராலயத்தில் வைத்தார்கள். அந்த ஊர் இப்போது கோஷிட்சே, அதுவும் ஸ்லோவாக்கியாவில். மகள் வீட்டிலிருந்து ரயிலில் போக ஒரு பகல் ஆகும் என்றாள், முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

மார்ச் 1

பால்ஃபியைத் துரோகிப் பட்டியலில் சேர்க்கலாமா என்று கேட்டவருக்கு: அவர் எந்தப் பக்கமும் தாவவில்லையே. தொடக்கம் முதல் கடைசி வரை பேரரசர் பக்கம்தான். லபன்ட்ஸ் என்று குருட்ஸ்கள் திட்டுவார்களே, அந்த வகை. பிற்காலத்தில், 1741இல், மரியா தெரேசாவுக்காக ஹங்கேரியப் பிரபுக்கள் உயிரையும் குருதியையும் தருவோம் என்று முழங்கிய ஆண்டில், நாட்டின் பாலத்தீனாக, அதாவது மன்னருக்கு அடுத்த பதவியில், உட்கார்ந்தவர் இவர். ட்ரென்சேனில் பாய்ந்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தார், 1741இல் எழுபதைத் தாண்டியிருந்தார்.

1710 ரோம்ஹானி சண்டையையும் இங்கேயே பேசலாம் என்று இரண்டு பேர் சொல்கிறார்கள். வேண்டாம். அங்கே படை தடம் மாறியது எதிரியின் மூட்டை முடிச்சுகளைக் கொள்ளையடிக்கப் போய். அது குதிரையின் கதை இல்லை, வயிற்றின் கதை. தனி இழை திறந்தால் வருகிறேன்.